கருப்பு யார் என்று மட்டும் கேட்காதீர்கள்

(தொண்ணூறுகளில் வடசென்னையில் கேபிள் லைன் பார்த்தவர், பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘மர்மதேசம்’ என்ற மர்மத் தொடர் வரிசையைப் பற்றியவை. அதில் முதலில் வந்தது ‘ரகசியம்’, இரண்டாவது ‘விடாது கருப்பு’.)

‘விடாது கருப்பு’ வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. என் அண்ணன்கள் தீபாவளிக்குக் கூடினால் இன்னமும் அதைத்தான் பேசுகிறார்கள். நடுவயது தாண்டியவர்கள் சிறுபிள்ளைகள் போல் சண்டை போடுகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
- பள்ளி ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

டீச்சர், அதில் ஒரு கேள்வி இருக்கிறது. தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம். ஊரைக் காக்கிற தெய்வம் கருப்பசாமி. தப்புச் செய்தவனுக்கு இரவோடு இரவாகத் தண்டனை விழுகிறது. வெள்ளைக் குதிரையில் வருவது சாமியா, ஆசாமியா? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு 1997, 98இல் வாரத்துக்கு ஒரு நாள் எங்களைக் கட்டிப்போட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவல்தான் மூலக்கதை. இயக்கம் நாகா. தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். ஒளிபரப்பு சன் டிவி.

கதை இரண்டு காலங்களில் நடக்கும். ஒரு சிறுவன் பார்த்த கிராமம் ஒன்று, அவன் வளர்ந்த பிறகு பார்க்கும் கிராமம் இன்னொன்று. இன்றைக்கு விழுந்த முடிச்சு அன்றைக்குப் போய் அவிழும். அவிழும்போதே வேறொரு முடிச்சு விழும். இப்படி முன்னும் பின்னும் போகும் கதையை மக்கள் பின்தொடர மாட்டார்கள் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் அதைப் பின்தொடர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். போன வாரம் எந்த இடத்தில் விட்டது, அந்தப் பையன் அப்போது எங்கே நின்றான் என்பது வரை சொல்வார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கேபிள் எப்படி ஓடியது என்பது இளையவர்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டு மொட்டை மாடியில் டிஷ் இருக்கும். மாடிப்படிக்கு அடியில் கன்ட்ரோல் ரூம். அங்கிருந்து கறுப்பு வயர் மாடிவிட்டு மாடி, தெருவிட்டுத் தெரு போகும். போகப் போகப் படம் மங்கிவிடும் என்பதால் வழியில் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் ஆம்ப்ளிஃபையர் பெட்டி மாட்டியிருப்போம். அதற்குக் கரன்ட் அந்த வீட்டுக்காரர் கொடுப்பது. அவர் வீட்டில் மின்சாரம் போனால் அதற்கப்பால் உள்ள அத்தனை வீட்டுக்கும் படம் போய்விடும். மற்ற வீடுகளில் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், டிவியில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும்.

அன்று ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்காரர் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். தொடர் தொடங்கிய சில நிமிடங்களில் இது தெரிந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வயரை இழுத்து, கைப்பிடிச் சுவர் வழியாகக் கொண்டுபோய், நான் பெட்டியைத் திறந்து இணைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே தெருவே நிற்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. “பூசாரி மேல் எனக்குச் சந்தேகம்” என்கிறார் ஒருவர். “சாமியைச் சந்தேகப்பட்டதால்தான் படம் போனது” என்கிறார் ஓர் அம்மா. படம் வந்துவிட்டது என்று நான் மேலிருந்து கத்திய பிறகும் இரண்டு பேர் வாதத்தை முடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

உங்கள் அண்ணன்கள் அந்த வாதத்தைத்தான் தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்குச் சொந்தமான வாதம், டீச்சர். தொடரைப் பார்த்தது வாரத்தில் அரை மணி நேரம் என்றால், மீதி வாரம் முழுக்க அதை அவர்கள் தங்கள் மண்டைக்குள் எழுதினார்கள். தான் பாதி எழுதிய கதையை யார் மறப்பார்கள்?

எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். குலதெய்வம் கருப்பர். துறைமுக வேலைக்காக என் தகப்பனார் இங்கே வந்தார். அந்தத் தொடர் எங்கள் சாமியைக் கேவலப்படுத்தியது என்கிறேன் நான். சாமியைப் பெருமைப்படுத்தியது என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?
- ஓய்வுபெற்ற தொழிலாளி, காசிமேடு

ஐயா, உங்கள் வீட்டுக்குள் இந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருப்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நான் உங்கள் மகன் பக்கம். காரணம் சொல்கிறேன். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கும்பிடுவது மூடிய கதவுகளை. சந்தனம் பூசிய அந்தக் கதவுகளுக்கு முன்னால் வந்து நின்றால் பொய்ச் சத்தியம் செய்ய நாக்கு எழாது. நிலத் தகராறும் பணத் தகராறும் அந்தப் படிகளில் வைத்துத் தீர்க்கப்பட்டிருக்கின்றன. கதவுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காமலேயே, தப்புச் செய்தவன் நடுங்குகிறான் இல்லையா? அந்த நடுக்கத்தைத்தான் தொடர் எடுத்துக்கொண்டது. சாமியை அருகில் காட்டி, பளபளப்பான கிரீடம் வைத்து, வசனம் பேசவைத்திருந்தால் நான் உங்களோடு சேர்ந்து கோபப்பட்டிருப்பேன். அவர்கள் குளம்புச் சத்தத்தையும் இருட்டையும் காட்டினார்கள். நம்புகிறவனுக்கும் அதில் இடம் இருந்தது, காரணம் தேடுகிறவனுக்கும் இடம் இருந்தது.

வடசென்னையில் அது இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு உங்கள் கடிதமே விளக்கம். மில்லுக்கும் துறைமுகத்துக்கும் வந்த குடும்பங்கள் ஊரை விட்டு வந்தன; சாமியை விட்டு வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கிடா வெட்டப் போய்வருகிற தெய்வம் திடீரென்று வாரம் தவறாமல் வீட்டுக்குள்ளேயே வந்தால் எப்படி இருந்திருக்கும்? சில வீடுகளில் முகப்பு இசை கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

சேத்தனும் தேவதர்ஷினியும் அந்தத் தொடரில் நடித்த பிறகுதான் திருமணம் செய்துகொண்டார்களா?
- வாசகி, எருக்கஞ்சேரி

ஆமாம்.

வெளிநாடுகளிலும் இப்படிப் பழைய, விசித்திரமான தொடர்களுக்கு ரசிகர் கூட்டம் இருக்கிறதா? அல்லது நாம் மட்டும்தான் இப்படியா?
- கல்லூரி மாணவி, வியாசர்பாடி

நன்றாகக் கேட்டாய், மகளே. நம்மை மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1967இல் ‘தி பிரிசனர்’ என்று ஒரு தொடர் வந்தது. மொத்தமே 17 பகுதிகள். ஓர் உளவாளி வேலையை ராஜினாமா செய்கிறான். வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது மயக்கப் புகை விட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கண் விழித்தால் அழகான ஒரு கடலோர ஊர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இவன் 6. ஊரை நடத்துபவர் 2. அநேகமாக வாராவாரம் அந்த 2 வேறு ஓர் ஆளாக மாறிவிடுவார். 1 யார் என்பது தெரியாது. தப்பிக்க முயன்றால் கடலிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் பலூன் உறுமிக்கொண்டு துரத்தி வந்து ஆளை அமுக்கும். கேட்கும்போது சிரிப்பு வரலாம், பார்த்தால் வராது. முகத்தின் மேல் அந்த ரப்பர் படிந்து இறுகும் காட்சி ஒன்று போதும்.

நாயகனாக நடித்தவர் பேட்ரிக் மெக்கூகன். சில பகுதிகளை எழுதியவரும் இயக்கியவரும் அவரேதான். 1968 தொடக்கத்தில் கடைசிப் பகுதி வந்தபோது, பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குக் கடும் கோபம். நேரான பதில் அதில் இல்லை. அன்று கோபப்பட்டவர்கள் மறந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. 1977இல் ‘சிக்ஸ் ஆஃப் ஒன்’ என்ற பெயரில் ரசிகர்கள் ஒரு சங்கமே தொடங்கினார்கள். வெளிக்காட்சிகள் எடுத்தது வேல்ஸ் பகுதியில் உள்ள போர்ட்மெய்ரியன் என்ற ஊரில். கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் தன் ஆசைக்குக் கட்டிய ஊர் அது. ரசிகர்கள் அங்கே போய், தொடரில் வருகிற கரை வைத்த கோட்டு, கோடு போட்ட மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு கூடினார்கள். தொடரில் மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடும் ஒரு சதுரங்க ஆட்டம் வரும். அதே புல்வெளியில் இவர்களும் காய்களாக நின்று அந்த ஆட்டத்தை ஆடினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. தோட்டக்காரமங்கலத்துக்கு நாமும் ஒருநாள் பஸ் பிடித்துப் போக முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1990இல் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து ‘ட்வின் பீக்ஸ்’ என்ற தொடரைக் கொண்டுவந்தார்கள். ஒரு சிற்றூரில் லாரா பால்மர் என்ற பெண் கொலை செய்யப்படுகிறாள். கொன்றவர் யார் என்று நாடே பேசியது. பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது. லிஞ்சுக்கு அதில் விருப்பமில்லை. பொன் முட்டையிடும் வாத்தைக் கொல்வதற்குச் சமம் என்று அவர் பின்னாளில் சொன்னார். இரண்டாவது பருவத்தின் நடுவில் பதில் சொல்லப்பட்டது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள், 1991இல் தொடர் நின்றது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. விடை தெரியாத மற்ற விசித்திரங்களைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் அதே லிஞ்ச், அதே ஃப்ராஸ்ட், பழைய நடிகர்களில் பலரோடு திரும்பி வந்தார்கள்.

லண்டன்காரரையும் அமெரிக்கக்காரரையும் நம் கொருக்குப்பேட்டை பாட்டியையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால், மொழி தெரியாவிட்டாலும் பேச்சு நிற்காது என்று நான் நம்புகிறேன்.

‘ரகசியம்’ பெரிதா, ‘விடாது கருப்பு’ பெரிதா? ஒரே வரியில் பதில் வேண்டும்.
- ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை

ஒரே வரியில் என்றால், ‘விடாது கருப்பு’.

ஆனால் ‘ரகசியம்’ இல்லாமல் அது வந்திருக்காது, தம்பி. நவபாஷாண லிங்கம், சித்தர்கள், இரவில் யாரும் தங்கக்கூடாத கோயில் என்று ஒரு தொடரைத் தொடங்கினால் மக்கள் பார்ப்பார்கள் என்று நிரூபித்தது அதுதான். முதலில் நடப்பவனுக்குத்தான் முள் குத்தும். அந்த மரியாதையை ‘ரகசிய’த்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தூக்கிப்பிடிக்க வேண்டும். ‘ரகசிய’த்தில் நடித்த டெல்லி கணேஷும் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனும் 2024 நவம்பரில் அடுத்தடுத்த நாட்களில் காலமானார்கள். அந்த வாரம் என்னோடு லைன் பார்த்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். துக்கம் விசாரிக்கும் குரலில்தான் பேசினார்கள். பேச்சு பத்து நிமிடத்தில் வாதமாகிவிட்டது. அந்த இருவருக்கும் இதைவிடப் பொருத்தமான அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கருப்பு யார் என்று எனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.
- பத்தாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்

மாட்டேன். என் பேரன் கேட்டும் சொல்லவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. பதில் ஒரு வரிதான். ஒரு நொடியில் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் நீ யாரையெல்லாம் சந்தேகப்பட வேண்டும் தெரியுமா? நல்லவர் என்று நினைத்தவரைச் சந்தேகப்பட்டு, அதற்காக வருத்தப்பட்டு, மறுபடியும் அவரையே சந்தேகப்பட வேண்டும். கடைசியில் பதில் கிடைத்த பிறகும், ‘சரி, அந்த ஒரு இரவு மட்டும் எப்படி?’ என்று உனக்குள் ஒரு கேள்வி மிஞ்ச வேண்டும். அந்தச் சொத்தை ஒரு அஞ்சலட்டையில் எழுதி வீணாக்க என்னால் முடியாது.

எங்கள் தெருப் படிப்பகத்தில் பழைய தொடர்களைப் போட்டுக் காட்டலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறோம். ‘விடாது கருப்பு’ எங்கே கிடைக்கும்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டு முடித்துவிடலாமா?
- வாசகர், புளியந்தோப்பு

தயாரிப்பாளர் தரப்பிலேயே யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். படம் அந்தக் காலத்துப் படம்தான். இன்றைய தெளிவை எதிர்பார்க்காதீர்கள். ஒலி முக்கியம். டிவியின் சொந்த ஒலிபெருக்கியை நம்பாமல் தனியாக ஒரு ஸ்பீக்கர் வையுங்கள். குளம்புச் சத்தம் பின்வரிசை வரை கேட்க வேண்டும்.

ஒரே நாளில் போட்டு முடிக்காதீர்கள், இது என் வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு பகுதி போதும். மிஞ்சிப்போனால் இரண்டு. முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு நாற்காலிகளை அடுக்காமல், தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். வயதானவர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். ஆனால் முடிவு தெரிந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். செல்போனில் முடிவைத் தேடிப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் அந்த வாரத் தேநீர் அவர் செலவு.

எந்தக் கிழமை என்று முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். 29சி பஸ் பிடித்தாவது வந்துவிடுகிறேன்.