கடல் காற்றாலையில் பங்கு: 5 லட்சம் கட்டலாமா?

தனுஷ்கோடிக் கடலில் அமையும் காற்றாலையில் பங்கு தருவதாகச் சொல்லி ஒரு முகவர் உங்களிடம் 5 லட்சம் ரூபாய் கேட்கிறார். கட்டாதீர்கள். இந்தியக் கடலில் வணிக அளவில் ஒரு காற்றாலைகூட இன்னும் ஓடவில்லை. உங்கள் பங்குக்கு அடுத்த மாதமே வருமானம் என்று அவர் சொன்னது நடக்கவே நடக்காது.

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் தனியாள் பெயரில் நிலத்தோடு காற்றாலை வாங்குவது வழக்கம்தான். அதைக் காட்டித்தான் நம்பவைத்திருப்பார்கள். ஆனால் நிலத்தைப்போலக் கடற்படுகைக்குப் பத்திரம் கிடையாது. கடல் காற்றாலைக் குத்தகைக்கான 2023 விதிகளின்படி ஒன்றிய அரசு குத்தகைக்குத்தான் விடும்.

அந்தக் குத்தகை ஒப்பந்த நகலைக் கேளுங்கள். கொடுத்தால், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தில் விசாரியுங்கள். பலரிடம் பணம் திரட்டுகிறார்கள் என்றால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் பதிவு எண்ணும் வேண்டும்.

துறையே பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். 2024-இல் தமிழ்நாடு, குஜராத் கடலில் தலா 500 மெகாவாட்டுக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் அது ஏலம் எடுக்கும் பெருநிறுவனங்களுக்கானது.