ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: முட்டுக்காடு கழிமுகத்திலும் சில நாட்களில் கடலிலும் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஓட்டுகிறேன். கையடக்க ஜிபிஎஸ் கருவியில் ஐபிஎக்ஸ்7 என்றும், போனில் ஐபி68 என்றும் போட்டிருக்கிறது. தனியாக நீர்புகா உறை வேண்டுமா?

பதில்: வேண்டும், இரண்டுக்குமே.

ஐபி என்பது தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் தரத்துக்கான குறியீடு; அதன் கடைசி எண் நீருக்கானது. ஐபிஎக்ஸ்7 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கவைத்தும் கருவி கெடவில்லை என்று பொருள். ஐபி68-இல் உள்ள 8 அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்வார். ஆனால் சோதனை நடப்பது புதிய கருவியில், அசையாத நல்ல தண்ணீரில். கருவிக்கும் தண்ணீருக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதும் விதி.

இந்தக் கடைசி விதிதான் நம் ஊர் வெயிலில் அடிபட்டுப் போகிறது. மே மாத மதியத்தில் கயாக்கின் மேல் கிடக்கும் கறுப்புக் கருவி 60 டிகிரிவரை சூடேறியிருக்கிறது என்று வையுங்கள். படகு கவிழ்ந்து அது 28 டிகிரித் தண்ணீரில் விழுந்தால், உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கருவி மேற்பரப்பில் கிடந்தபடியே தண்ணீரை உள்ளே உறிஞ்சப் பார்க்கும்.

கடலில் அலையும் சேர்ந்துகொள்ளும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மோதும் நீரின் அழுத்தம் ஒரு மீட்டர் ஆழத்தைத் தாண்டிவிடும். பீய்ச்சி அடிக்கும் நீருக்கான சோதனைகள் 5, 6 ஆகியவை. 7-இல் தேறிய கருவி அவற்றிலும் தேறியதாகக் கொள்ள முடியாது. இரண்டிலும் தேறியிருந்தால் ஐபிஎக்ஸ்6, ஐபிஎக்ஸ்7 என இரண்டையும் குறிப்பிடுவார்கள். வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

கருவியின் மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மணல் துகளோ தலைமுடியோ ஒன்று சிக்கியிருந்தாலும் நீர்த்தடுப்பு போயிற்று. போனைத் திறந்து பேட்டரி மாற்றியிருந்தால், ஐபி68-ஐ மறந்துவிடுங்கள். நீர் புகுந்த பழுதுக்குப் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உப்பு வேறு வகை எதிரி. சார்ஜ் துளையில் உப்பு ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உலோக முனைகள் அரித்துவிடும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, முழுதும் உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். உப்பை அரிசி எடுக்காது, தவிடும் மாவும்தான் துளைக்குள் போகும்.

உறை வாங்கியதும் போனை வைத்துவிடாதீர்கள். உலர்ந்த டிஷ்யூ காகிதத்தோடு ஒரு கல்லையும் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் அமிழ்த்தி வையுங்கள். காலையில் காகிதம் நமத்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். போனை வைக்கும்போது கொஞ்சம் காற்றையும் விட்டு மூடினால் மிதக்கும். அதையும் வாளியிலேயே பார்த்துவிடலாம்.

உறையைப் படகில் கட்டாமல், உயிர்காப்பு அங்கியின் பையில் வைத்து சிறு கயிற்றால் இணையுங்கள். படகு ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் போகும்போதுதான் போன் தேவைப்படும். அப்போதும் நனைந்த தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது. ஆகவே அங்கியில் ஒரு விசிலும் இருக்கட்டும்.