பாடத்திட்டத்தைக் காலனிய நீக்கம் செய்வது என்றால் என்ன?

காலனி ஆட்சி போன பிறகும், எது நல்ல இலக்கியம், எது உயர்ந்த கலை என்று அது வகுத்த அளவுகோல் வகுப்பறையில் தங்கிவிடுகிறது. அந்த அளவுகோலைக் கேள்வி கேட்டு, ஒதுக்கப்பட்டவர்களின் படைப்புகளையும் பாடமாக்குவதே காலனிய நீக்கம்.

கென்யா 1963-ல் விடுதலை பெற்றது. அதன் பிறகும் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் இலக்கியப் படிப்பு ஆங்கிலத் துறையின் கையில்தான் இருந்தது. 1968-ல் அங்கே பணியாற்றிய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, அவருடைய சகாக்கள் டபன் லோ லியோங், ஹென்றி ஓவூர் அன்யும்பா ஆகிய மூவரும் அந்தத் துறையையே கலைக்கச் சொன்னார்கள். ஆப்பிரிக்க இலக்கியம் நடுவில் இருக்க வேண்டும், மற்றவை அதைச் சுற்றி வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாய்மொழி மரபுக்கு அவர்கள் கொடுத்த இடம்தான் என்னை மிகவும் கவர்கிறது. எழுத்தறியாத கிழவி சொல்லும் கதையையும் விடுகதையையும், வயலில் பாடும் பாட்டையும் பல்கலைக்கழகம் இலக்கியமாகப் படிக்க வேண்டும் என்றார்கள்.

உங்கள் ஊர் மைல்கற்களில் எல்லாம் லண்டனுக்கு எத்தனை மைல் என்று மட்டும் பொறித்திருந்தால் எப்படி இருக்கும்? கணக்கு சரிதான், பக்கத்து ஊருக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்? எல்லாவற்றையும் ஆங்கில இலக்கியத்திலிருந்தே அளக்கும் பாடத்திட்டமும் அப்படித்தான்.

ஒதுக்குவது வெள்ளையர் மட்டுமல்ல. டெல்லி பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து 2021-ல் தமிழ் தலித் எழுத்தாளர்களான பாமா, சுகிர்தராணி, பழங்குடியினரைப் பற்றி எழுதிய வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி ஆகியோரின் படைப்புகள் நீக்கப்பட்டன.

காலனிய நீக்கம் என்றால் ஷேக்ஸ்பியரைத் தூக்கி எறியும் முயற்சி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நைரோபி மூவரின் திட்டத்தில் ஐரோப்பிய இலக்கியத்துக்கும் இடம் இருந்தது.