பரீட்சை முடிஞ்சா பழையபடி ஆயிருவானா?

கேள்வி: பையன் ப்ளஸ் டூ, நீட் கோச்சிங்கும் போறான். கவனம் செதறக்கூடாதுன்னு செல்போன், கிரிக்கெட் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டோம். போன சித்திரைத் திருவிழாவுக்குக்கூட கூட்டிட்டுப் போகல. ஃப்ரெண்ட்ஸ் யாரும் இப்ப வர்றதில்ல, அவனும் யார்கிட்டயும் பேசுறதில்ல. ஆனா ஒரு தொந்தரவும் கெடையாது, தங்கமான பயன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. பரீட்சை முடிஞ்சா பழையபடி ஆயிருவான்ல?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: தொந்தரவே குடுக்காத பதினேழு வயசுப் பயலா, அதக் கேட்டாத்தாம்மா எனக்குப் பக்குங்குது. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு ஊரே வைகைக்குள்ள நிக்கிது, சித்தப்பா பெரியப்பா புள்ளைக எல்லாம் ஒண்ணா தண்ணி பீச்சிக்கிட்டுத் திரியுது, இவன மட்டும் ரூமுக்குள்ள பிசிக்ஸ் புக்கோட உக்கார வச்சிருக்கீங்க, ஒரு பக்கமாவது திருப்பியிருப்பான்னு நெனைக்கிறீங்களா?

இந்த வயசுல அப்பன் ஆத்தாளை விட ஃப்ரெண்டு பெருசாத் தெரியறது வளப்புக் கோளாறு இல்ல. எவன நம்பலாம், எங்க விட்டுக் குடுக்கணும், கிண்டல் பண்ணுனா எப்பிடித் திருப்பிக் குடுக்கணும்னு இப்பத்தான் மூளை பழகுது, நிதானமா யோசிக்கிற முன்பக்க மூளை முழுசா வளந்து முடியவே இருபத்தஞ்சு வயசு கிட்ட ஆயிருதுங்கிறாங்க. சண்டை போட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, மறுநா அவன்கூடவே டீ குடிக்கிறதுதான் அந்தப் பழக்கம், அத எந்த கோச்சிங் சென்டர்லயும் ஃபீஸ் கட்டிப் படிக்க முடியாது. வளர்ற பருவத்து எலிகள தனியா அடைச்சு வச்சுப் பாத்திருக்காங்க, அப்பறம் கூட்டத்தோட விட்டாலும் பயமும் பதட்டமும் முழுசாப் போகல, வளந்த எலிக்கு அம்புட்டு பாதிப்பு இல்ல. மனுசன் எலி இல்லதான். ஆனா கொரோனால நம்ம புள்ளைகளையே அடைச்சு வச்சுப் பாத்துட்டோமே, 2020 மார்ச்ல மூடுன பள்ளிக்கூடம் ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஓரளவு நெலையாத் தொறக்க 2021 செப்டம்பர் ஆச்சு, சின்னப் புள்ளைகளுக்கு நவம்பர், திரும்ப வந்ததுக எப்பிடி இருந்துச்சுன்னு எந்த டீச்சரையாவது கேட்டுப் பாருங்க.

செல்போன் விஷயத்துல உங்க மேல பாதி நியாயம் இருக்கு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் தள்ளிக்கிட்டு கெடந்தா புடுங்கத்தான் செய்யணும். ஆனா ரீல்ஸ் பாக்குறதும் ஃப்ரெண்டுகிட்ட பேசுறதும் ஒண்ணு இல்லைங்க, நீங்க ரெண்டையும் சேத்து வெட்டிட்டீங்க. சில புள்ளைக இயல்பாவே தனியா இருக்கும், ஒரே ஒரு ஃப்ரெண்டு, ஒரு புஸ்தகம், அது போதும் அதுகளுக்கு, அதப் போயி நோண்டக்கூடாது. உங்க பையன் அப்பிடியா? கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்த பயன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க.

பழையபடி ஆயிருவானான்னா, நெறைய பேரு ஆயிருவாங்க, ஆனா அத நம்பி மே மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க. மனநலப் பிரச்சனைகள்ல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயே, பாதி 18 வயசுக்குள்ளயே ஆரம்பிக்குதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதனால சின்னப் பயலுக்கு என்ன கவலைன்னு விடுற கதையெல்லாம் ஆகாது. தூக்கம் கெட்டிருக்கா, சாப்பாடு எறங்குதா, புடிச்சதுகூட வேணாங்கிறானா, இருந்து என்ன பிரயோசனம்னு வாய்ல வருதா, கவனிங்க. அந்தக் கடைசி வார்த்தை வந்துச்சுன்னா நாளைக்குப் பாப்போம்னு விடாதீங்க. மத்தது ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு கூச்சமா இருந்தா 14416க்கு போன் அடிங்க, டெலி மானஸ்னு கவர்மெண்ட் நம்பர், காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அவனுக்குத் தெரியாம ஒளிஞ்சு பேசாதீங்க, சொல்லிட்டே பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி இந்த ஞாயித்துக்கெழம ஒரு வேலை இருக்கு. "அவன் படிக்கிறான், அப்பறமா வாங்கடா"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பீங்களே சில பயலுக, அவங்க வீட்டு நம்பர் உங்ககிட்ட இருக்கும். நீங்களே கூப்பிடுங்க. அவன் கூப்பிட மாட்டான், வெக்கப்படுவான்.