நெரிசலான நகரப் பகுதியில் மக்களே சேர்ந்து பசுமையை உண்டாக்க முடியுமா?

முடியும். நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 1970களில் அந்நகரம் கடனில் தத்தளித்தது. லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் வீடுகள் எரிந்தும் இடிந்தும் போன இடமெல்லாம் குப்பைமேடு. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய கூட்டாளிகளும் பவரி, ஹியூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் ஒரு காலிமனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். வேலி போட்டு அடைத்திருந்த மற்ற மனைகளுக்குள் விதையும் உரமும் கலந்த உருண்டைகளை வீசினார்கள். 1974இல் மாநகராட்சி அந்த மூலை மனையை மாதம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது.

இடிபாட்டு மண்ணில் பழைய பெயின்டின் ஈயம் கலந்திருக்கலாம். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் தரைக்கு மேல் பலகையால் பாத்தி அடித்து, உள்ளே நல்ல மண் நிரப்பித்தான் காய்கறி போடுவார்கள். நம் ஊர்க் காலிமனைகளிலும் இதை மறக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், செடி வளர்ப்பதைவிட இடத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. 1999இல் நியூயார்க் மேயர் ஜூலியானி, மாநகராட்சி மனைகளில் மக்கள் இப்படி உண்டாக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் பார்த்தார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் இன்னொரு நில அறக்கட்டளையும் அவற்றை விலைக்கு வாங்கின. அதனால், மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன்பே மனை யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.