சுகர் இறங்கிவிட்டது, இன்சுலினை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு மாதத்தில், அதே டோஸுக்குச் சுகர் 60, 65 என்று இறங்குவதால் "குணமாகிவிட்டது, இனி ஊசி வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை இன்றே டாக்டரிடம் போனில் கேளுங்கள்.

பெரும்பாலும் இது ஹனிமூன் கட்டம். வெளியிலிருந்து இன்சுலின் கிடைத்ததும், கணையத்தில் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் (இன்சுலின் சுரப்பவை) கொஞ்சம் தேறிச் சுரக்கும். சில மாதம் நீடிக்கலாம், அப்புறம் தேவை மறுபடி ஏறும். ஊசியை அடியோடு விட்டால் கீட்டோஅசிடோசிஸ் வரும், அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. பெரியவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்றிரவு 2 மணிக்கும் ஒருமுறை விரலில் குத்திச் சுகர் எவ்வளவு என்று பாருங்கள். தூங்கும் குழந்தை தலைசுற்றுகிறது என்று சொல்லாது. விரலைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள்; மாம்பழப் பிசுக்கு ஒட்டியிருந்தால்கூட மீட்டர் கூட்டிக் காட்டும், சுகர் குறைந்திருப்பது தெரியாமலே போய்விடும்.

70க்குக் கீழே இருந்தால் இரண்டு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மயங்கிக் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.