அவளுக்கு உறுதி போதாதா?

வணக்கம் ஆன்ட்டி,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். தங்கைக்குப் போன வருஷம் விவாகரத்தாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு எங்களிடம் இருக்கிறாள். "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது" என்கிறாள். மாரியம்மன் கஞ்சிப் பூசைக்குக்கூட, அவள் மனம் நோகுமே என்று, விட்டுவிட்டுத்தான் போனோம். மன உறுதி வர என்ன படிக்கக் கொடுக்கலாம்? ஜாதகம் பார்க்கவா?

ஓர் அக்கா

அன்புள்ள மகளே,

ஜாதகத்தை விடு. புத்தகம் அப்புறம் பார்க்கலாம்.

முதலில், இன்றைக்கே, அவளிடம் நேராகக் கேள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" சுற்றி வளைக்காதே. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்கு, ஒருவர் கேட்டுவிட்டாரே என்பதே மூச்சு விட இடம் தரும். ஆமாம் என்றால் பதறாதே, திட்டாதே, பிள்ளைகளைக் காட்டிக் குற்றவுணர்வு ஏற்றாதே. எப்படி என்று யோசித்திருக்கிறாளா என்றும் கேள். தனியாக விடாதே. 0800 567 567, இது மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சடாக் (SADAG) அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண். அவள் பேசத் தயங்கினால் நீ பேசு. கிளினிக்குக்கும் நீயே கூட்டிப் போ.

சரி, இப்போது உன்னைத் திட்டுகிறேன். பூசைக்கு வந்தால் யார் மனம் நோகும்? சொந்தக்காரர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல உங்களுக்குத்தான் கூச்சம். 1979 முதல் நம் நாட்டில் விவாகரத்துக்கு யார் குற்றம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. கோர்ட்டே விட்டுவிட்ட விசாரணையை நம் வரவேற்பறைகள் விடவில்லை. டர்பனில் இருந்த ஃபாத்திமா மீர், தென்னாப்பிரிக்கத் தற்கொலைகளைச் சமூகவியல் கண்ணோடு ஆராய்ந்து 1976இல் நூலே வெளியிட்டார். நாமோ இன்னும் "மனசு பலவீனம்" என்கிறோம். எல்லோரும் பூசைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் ஒருத்தி எந்த உறுதியை வளர்த்துக்கொள்வாள்?

டொங்காட்டில் என் சித்தி பிரிந்து வந்தபோது நாங்கள் எல்லோரும் "தைரியமாக இரு" என்றோம். அடுத்த தெரு அக்கா ஒருத்தி மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஜீவனாம்ச கோர்ட்டில் நாள் முழுக்க சித்தியோடு உட்கார்ந்திருந்தாள். மாலையில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுப் போட்டாள். சித்தி பிழைத்தது அவளால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உன் தங்கையின் பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து பணம் வருகிறதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை. வரவில்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்டு விண்ணப்பிக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு நீயும் கூடப் போ.